கடன் நோட்டு

பதினேழாம் கட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
செம்பனையின் முதல் வரிசை தொடங்குகிறது.
அதற்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே
ஒரு கறுப்பு வட்டம்.
பாய் விரித்த அளவுதான். புல் முளைப்பதில்லை.

செகராசன் அங்கேதான் வயர் எரிப்பார்.
பழைய ஃபேன், ஏர்கோன், உடைந்த டிவி,
பட்டணத்து ஹோட்டலில் கழற்றிப் போட்ட கேபிள்.
இருட்டியபின் டீசல் ஊற்றிப் பற்ற வைத்தால்
மேல்தோல் உருகிக் கொப்பளிக்கும்.
நெருப்பு பச்சையாய் நாக்கு நீட்டும்.
விடியும்போது செம்பு மட்டும்
மொட்டையடித்துப் போட்ட முடிபோல் சுருண்டு கிடக்கும்.
ஆ லெக் இரும்புக் கடையில் எடை போட்டால்
அந்த வாரத்து அரிசி, கரண்டு பில்,
மகளின் பள்ளி பஸ்.
குலை வெட்டித் தோள்பட்டை போன மனிதருக்கு
அது தப்பாகத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
ஜன்னலைச் சாத்துவேன், கொடித்துணியை எடுப்பேன்.
கண் எரிந்தால் கெட்டது,
எரியாவிட்டால் ஒன்றுமில்லை.
புகை போனால் போயே போச்சு.
இவ்வளவுதான் நான் படித்த விஞ்ஞானம்.

கோழிகளுக்கு அந்த வட்டம் பிடிக்கும்.
சாம்பலில் புரண்டு குளிக்கும்,
கிளறிக் கிளறிப் புழு தின்னும்.
மஞ்சள் கரு கடை முட்டைபோல் வெளுத்திருக்காது,
பழுத்த பப்பாளி நிறம்.
தீனி இல்லை ஊசி இல்லை, அசல் கம்போங் முட்டை என்று
நானே வாய் ஓயாமல் சொல்லி விற்றேன்.
ஒன்று ஒரு ரிங்கிட்.
கையில் இல்லாதவர்களுக்கு
சம்பளம் வரும்வரை கடன்.

ஒருநாள் ஹஸ்லிண்டா என்று ஒரு பெண்,
யூனிவர்சிட்டியாம், வெள்ளைக் காரில் வந்தாள்.
ஆறு முட்டை, ரொக்கம்.
போகும்போது கறுப்பு வட்டத்தில் குனிந்து
இரண்டு கரண்டி மண்ணை அலுமினியத் தாளில் மடித்தாள்.
மண்ணுக்குக் காசு வேண்டாம் என்று சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தாள்.
நான் வைத்த பிஸ்கட்டைத் தொடவில்லை.
டையாக்சின் என்றாள். தாளில் ஒரு எண் காட்டினாள்.
எண் எனக்குப் புரியவில்லை.
அவள் அதைச் சொல்லத் தயங்கியது புரிந்தது.
பிளாஸ்டிக் எரிகையில் பிறக்குமாம்.
மணம் கிடையாது, ருசி கிடையாது.
மண்ணிலிருந்து கோழிக்கு, கோழியிலிருந்து கருவுக்கு,
தின்றவர் உடம்பில் கொழுப்போடு கொழுப்பாய்
வருடக்கணக்கில் குடியிருக்குமாம்.
தாய்ப்பாலிலும் இறங்குமாம்.
"நல்லா வேக வைத்தால்?" என்று கேட்டேன்.
அவள் தரையைப் பார்த்தாள்.

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
மக்சிக் ரொஹாயா, நாசி லெமாக் கடைக்கு வாரம் முப்பது.
புனிதன், ஜிம் போகிற பையன், பச்சையாய்க் குடிக்கிறவன்.
கோயில் அன்னதானத்துக்கு அறுபது, பாதிப் பணம் பாக்கி.
பிரேமலதா, பிள்ளை பெற்றவள், தினம் இரண்டு,
நல்லெண்ணெயில் மிளகு போட்டு.
எங்கள் கவின்மொழி பெயர் இல்லை.
வீட்டுப் பிள்ளை தின்றதை யார் எழுதி வைப்பார்கள்?

செகராசன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு மெல்ல, "அதைக் கொளுத்திப் போடு" என்றார்.
பழக்கத்தில் லைட்டர் கைக்கு வந்துவிட்டது.
அவரே அதைப் பார்த்தார்.
மேசைமேல் வைத்துவிட்டு
இருமலோடு எழுந்து வெளியே போனார்.

காலையில் முட்டை எட்டு கிடந்தது.
கோழிக்கு என்ன தெரியும்.
உள்ளங்கையில் இளஞ்சூடாய், முழுசாய்,
ஒரு குறையும் சொல்ல முடியாத முட்டை.
எங்கே போடுவது? குழி தோண்டினால் மண்ணுக்கு,
ஆற்றில் எறிந்தால் மீனுக்கு.
வாளியில் அப்படியே வைத்து மூடினேன்.

பிரேமலதா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது.
என் கையில் நோட்டைப் பார்த்ததும் பதறினாள்.
"இருபத்தஞ்சாம் தேதி வந்திடும்க்கா,
ஒரு காசு பாக்கி வைக்க மாட்டேன்."
மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது,
முழுங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.
நான் செருப்பைக் கழற்றவில்லை,
உட்காரவுமில்லை.
நோட்டைத் திறந்தேன்.
அவள் பக்கம் எது என்று
எனக்குத் தெரியும். இருந்தும்
முதலிலிருந்து ஒவ்வொரு தாளாய்ப்
புரட்டிக்கொண்டிருந்தேன்.